அந்த அம்மாவின் காலுறையில் என்ன இருக்கும்? ஹால்மார்க் கிறிஸ்துமஸ் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் வந்துவிட்டால் நான் இந்தப் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். குறிப்பாக, தனி ஆளாகப் பிள்ளை வளர்க்கிற ஓர் அம்மாவுக்குப் பண்டிகை நேரத்தில் காதல் வருகிற கதைகள். "இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று ஆரம்பித்து, பலரும் பல வருடமாகக் கேட்ட கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

இந்தப் படங்கள் தியேட்டருக்கு வராதவையா?

ஆமாம். அமெரிக்கத் தொலைக்காட்சி சேனல்கள், வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே எடுக்கிற படங்கள் இவை. ஹால்மார்க் சேனல்தான் இதில் பெரிய பெயர். லைஃப்டைம் சேனலும் எடுக்கிறது. பிறகு நெட்ஃபிளிக்ஸும் சேர்ந்துகொண்டது. ஹால்மார்க் 2009லிருந்து ஆண்டுதோறும் 'கவுன்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்' என்று பெயர் வைத்து, அக்டோபர் முடிவதற்குள்ளேயே படங்களை வரிசையாகப் போட ஆரம்பித்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் அதன் இரண்டு சேனல்களிலும் சேர்த்து 40 புதுப் படங்கள் வந்தன. அதே ஆண்டு லைஃப்டைமில் ஏறக்குறைய 30. ஒரே பருவத்தில் ஏறக்குறைய எழுபது காதல் கதைகள்.

அந்த எழுபதிலும் இளவரசன் கதை, பேக்கரி கதை, பெருநகரத்து வக்கீல் சொந்த ஊர் திரும்பும் கதை என்று பல கிளைகள் உண்டு. நான் பேசப்போவது ஒரு கிளையைப் பற்றி மட்டும். ஏழெட்டு வயதுக் குழந்தை ஒன்று. விடியற்காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிற அம்மா. இந்த வருடம் கிறிஸ்துமஸ் மரம்கூட இன்னும் வாங்கவில்லை. அந்த வீட்டுக்குள் எங்கிருந்தோ ஒருவன் வருகிறான்.

இந்த மாதிரிக் கதை எப்போது தொடங்கியது? ஹால்மார்க் கண்டுபிடித்ததா?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஹால்மார்க் அடிப்படையில் வாழ்த்து அட்டை கம்பெனி. 1910இல் ஜாய்ஸ் ஹால் என்ற பதினெட்டு வயதுப் பையன் (பெயர் அப்படி இருந்தாலும் ஆண்தான்) இரண்டு ஷூ டப்பாக்கள் நிறைய தபால் அட்டைகளோடு மிசௌரி மாநிலத்துக் கன்சாஸ் சிட்டியில் வந்து இறங்கித் தொடங்கியது. தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழையத் தொடங்கிய காலத்தில், தன் பெயரிலேயே ஒரு நாடக வரிசையை அந்த கம்பெனி நடத்த ஆரம்பித்தது. அதன் முதல் நிகழ்ச்சி 1951 டிசம்பர் 24 இரவு, என்பிசி சேனலில் நேரலையாக ஒளிபரப்பானது. அமெரிக்காவில் தொலைக்காட்சிக்கென்றே எழுதப்பட்ட முதல் ஓபரா (பாட்டாகவே நடக்கும் நாடகம்) அது: ஜான் கார்லோ மெனோட்டி இயற்றிய 'அமால் அண்ட் தி நைட் விசிட்டர்ஸ்'.

கதை என்ன தெரியுமா? கணவனை இழந்த ஓர் ஏழைத் தாய். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத மகன் அமால். வீட்டில் ஆடு மாடு எல்லாம் போய்விட்டது. நாளைக்குப் பிச்சைக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை. அந்த இரவில் கதவைத் தட்டுகிறார்கள் மூன்று ராஜாக்கள், பிறந்திருக்கும் குழந்தை இயேசுவைத் தேடிப் போகிறவர்கள். எல்லோரும் தூங்கியபின் தாய் மட்டும் விழித்திருந்து அவர்களுடைய தங்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தன் பிள்ளைக்காகக் கையை நீட்டி எடுத்தும்விடுகிறாள். பிடிபடுகிறாள். ராஜா அவளைத் தண்டிக்கவில்லை. நாங்கள் தேடும் குழந்தைக்குத் தங்கம் தேவைப்படாது, நீயே வைத்துக்கொள் என்கிறார். அவள் அதைத் திருப்பிக் கொடுக்கிறாள். தானும் அந்தக் குழந்தைக்கு ஏதாவது தர வேண்டும் என்று அமால் தன்னிடம் இருக்கிற ஒரே பொருளான ஊன்றுகோலை நீட்டுகிறான், அந்தக் கணத்தில் அவனால் நடக்க முடிகிறது.

ஆக, ஹால்மார்க் தன் பெயரைப் போட்டுக் காட்டிய முதல் கிறிஸ்துமஸ் கதையிலேயே தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் இருந்தாள். அதில் காதல் கிடையாது. ராத்திரியில் தூங்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் தாய் இருந்தாள். அவளுடைய அந்த விழிப்பு எழுபது ஆண்டுகளாக இந்தப் படங்களில் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. பிள்ளை தூங்கியபின் சாப்பாட்டு மேசையில் பில்களைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்ணை எந்தப் படத்தில் பார்த்தாலும் எனக்கு அமாலின் அம்மா ஞாபகம் வந்துவிடுகிறாள்.

காதல் எங்கிருந்து வந்து சேர்ந்தது?

சினிமாவிலிருந்து. 1947இல் வந்த 'மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' படத்தில் நியூயார்க்கின் மேசிஸ் கடையில் வேலை பார்க்கும் டோரிஸ், விவாகரத்தானவள், மகளைத் தனியாக வளர்க்கிறாள். பக்கத்து வீட்டு வக்கீல் முதலில் மகளோடுதான் பழகுகிறான், அதன் வழியாக அம்மாவை நெருங்குகிறான். இன்றைய டிவி படங்களில் பாதிக்கு இதுதான் வழி.

இரண்டு வருடம் கழித்து, 1949இல், 'ஹாலிடே அஃபேர்' வந்தது. அதில் கானி, போரில் கணவனை இழந்தவள். ஆறு வயது மகன் டிம்மி. போட்டிக் கடைகளில் வாடிக்கையாளர் மாதிரிப் போய் விலை விசாரித்து வருவது அவளுடைய வேலை. அப்படி ஒருநாள் விலையுயர்ந்த பொம்மை ரயில் ஒன்றை வாங்கி வருகிறாள். அது தனக்குத்தான் என்று டிம்மி நம்பிவிடுகிறான். மறுநாள் அவள் அதைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, அவள் யார் என்று கண்டுபிடித்த விற்பனையாளன் அவளைக் காட்டிக்கொடுக்காமல் விட்டுவிடுகிறான். அதற்காக அவன் வேலை போகிறது. அவன்தான் நாயகன், ராபர்ட் மிட்சம். வெளிவந்தபோது ஓடாத படம் அது. பிற்காலத்தில் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் மக்கள் மனதில் இடம் பிடித்தது. 1996இல் அதையே டிவி படமாகவும் மறுபடி எடுத்தார்கள்.

அப்பா எங்கே? ஏன் பெரும்பாலும் இறந்துபோயிருக்கிறார்?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். நான் பார்த்தவற்றில் விவாகரத்தான அம்மாக்களைவிடக் கணவனை இழந்த அம்மாக்களே அதிகம்.

ஒரு பழைய கதை சொல்கிறேன். 'மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' வந்தபோது, கத்தோலிக்கர்கள் எந்தப் படம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த 'லீஜன் ஆஃப் டீசன்சி' என்ற அமைப்பு, அதற்கு 'பி' தரம் கொடுத்தது. ஒழுக்கத்துக்கு ஓரளவு ஒவ்வாதது என்று அர்த்தம். காரணம், அம்மா விவாகரத்தானவள். கிறிஸ்துமஸ் தாத்தா வருகிற, குழந்தைகள் பார்க்கிற படத்துக்கே அந்த நிலை.

இன்று அந்தத் தடை இல்லை. ஆனாலும் கதை எழுதுகிறவர்களுக்கு இறந்த அப்பா வசதியானவர். அவர் நல்லவராகவே இருந்துவிட்டுப் போகலாம். சுவரில் படமாக இருக்கலாம். அவர் செதுக்கிய மரப்பொம்மை மரத்தின் உச்சியில் தொங்கலாம். விவாகரத்து என்றால் அப்படி இல்லை. அமெரிக்காவில் பிரிந்த பெற்றோர் பலரும் பண்டிகையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இரட்டைப்படை ஆண்டில் கிறிஸ்துமஸ் காலை அம்மா வீட்டில், ஒற்றைப்படை ஆண்டில் அப்பா வீட்டில். அல்லது முந்தின நாள் ஓரிடம், மறுநாள் இன்னோரிடம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவார்கள். அப்படியென்றால் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம், பிள்ளை இல்லாத வீட்டில் மரத்தைப் பார்த்துக்கொண்டு ஓர் அம்மா தனியாக உட்கார்ந்திருப்பாள். அந்தக் காலையை இந்தப் படங்கள் காட்டுவதே அபூர்வம். காட்டியிருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். அதைத் தாங்கும் பலம் இந்தக் கதைக்கு உண்டு.

எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கிறதே?

ஒரே அச்சில் வார்ப்பதால்தான். இரண்டு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போகப் படம் ஒன்றரை மணிக்கும் குறைவு. அந்த நேரத்தை ஒன்பது பகுதிகளாக வெட்டி எழுதுவார்கள். ஒவ்வொரு பகுதியும் விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒரு சின்னக் கேள்வியோடு முடிய வேண்டும்: அவன் ஊரைவிட்டுப் போய்விடுவானா, பள்ளி விழா நடக்குமா, அந்தக் கடிதத்தை அவள் படித்துவிட்டாளா. நடுவில் முத்தம் வரப்போகிற மாதிரி ஒரு காட்சி வரும், ஏதாவது குறுக்கே வந்து தடுத்துவிடும். கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு மனஸ்தாபம். உண்மையான முத்தம் கடைசி நிமிடங்களில்தான், முடிந்தால் பனி கொட்டும்போது.

தனித்தாய் கதையில் இந்த அச்சுக்குள்ளேயே ஒரு வித்தியாசம் நடக்கிறது. முதல் முத்தத்தைத் தடுப்பது பெரும்பாலும் குழந்தை. "அம்மா, தண்ணி!" என்று மாடிப்படியில் வந்து நிற்கும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு அது வெறும் சிரிப்பாக இருக்காது. இரண்டு பேர் தங்களுக்குள் முடிவு செய்துகொள்ள முடியாத காதல் இது. மூன்றாவதாக ஓர் ஆள் சம்மதிக்க வேண்டும், அந்த ஆளுக்கு எட்டு வயது. அவன் தன் ஷூ லேஸைக் கட்டிவிட அந்த மனிதனை விடுகிறானா, கார் பின்சீட்டில் தூங்கிப்போனால் அந்த மனிதன் தூக்கிக்கொண்டு போகச் சம்மதிக்கிறானா என்பதில்தான் உண்மையான கதை நகர்கிறது. நன்றாக எடுக்கப்பட்ட படத்தில் இந்தச் சின்ன அனுமதிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

ஜூலை வெயிலில் எடுக்கிறார்களாமே?

உண்மைதான். பெரும்பாலானவை கனடாவில், குறிப்பாக பிரிட்டிஷ் கொலம்பியாவில் எடுக்கப்படுகின்றன. அங்கே படமெடுத்தால் வரிச்சலுகை கிடைக்கிறது. வான்கூவருக்குப் பக்கத்திலுள்ள ஃபோர்ட் லாங்லி, ஒட்டாவாவுக்குப் பக்கத்திலுள்ள ஆல்மான்டே போன்ற சின்ன ஊர்கள் பல படங்களில் அமெரிக்கக் கிராமங்களாக நடித்திருக்கின்றன. டிசம்பரில் ஒளிபரப்ப வேண்டும் என்பதால் கோடையிலும் படப்பிடிப்பு நடக்கும். புல்வெளியை மறைக்க வெள்ளைப் போர்வை, கூரைமேல் நுரை, காற்றில் பறக்கத் துண்டுக் காகிதம், நடக்கிற இடத்தில் உடைத்த ஐஸ். கம்பளிக் கோட்டுக்குள் நடிகர்கள் வியர்த்து வழிவார்கள். மொத்தப் படத்தையும் ஏறக்குறைய மூன்று வாரத்தில் முடித்துவிடுவார்கள்.

குழந்தை நடிக்கிற படத்தில் இது இன்னும் கடினம். குழந்தைகள் ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்று சட்டம் உண்டு. படிக்கவும் நேரம் ஒதுக்க வேண்டும். அதனால் குழந்தையின் பங்கை முதலில் எடுத்து முடித்துவிட்டு, அம்மா நடிகை பிறகு வெறும் இடத்தைப் பார்த்துப் பேசி நடிப்பதும் உண்டு. கண் கலங்க வைக்கும் சில வசனங்களை அவர் எதிரே குழந்தையே இல்லாமல் பேசியிருப்பார் என்று தெரிந்தபின் எனக்கு அந்த நடிகைகள்மேல் மரியாதை கூடிவிட்டது.

நாயகனுக்கு என்ன வேலை இருக்கும்?

கையால் செய்கிற வேலை. தச்சன், மரப் பண்ணைக்காரன், தீயணைப்பு வீரன், பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுப்பவன். உடைந்ததைச் சரிசெய்யத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அவளுடைய வீட்டில் ஏதாவது ஒன்று உடைந்துதான் இருக்கும்.

காசுக்குக் கஷ்டப்படுகிறாள் என்கிறார்கள், வீடு மட்டும் அரண்மனை மாதிரி இருக்கிறதே?

இது நியாயமான குறை, இதற்கு என்னால் சமாதானம் சொல்ல முடியாது. அமெரிக்காவில் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பேர் பெற்றோரில் ஒருவரோடு மட்டும் வளர்கிறார்கள். அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மாதான். நாடு முழுவதற்குமான சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்புச் சட்டம் அங்கே கிடையாது. 1993இல் வந்த சட்டம் தருவது 12 வாரம் சம்பளமில்லாத விடுப்பு, அதுவும் எல்லோருக்கும் இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடங்களுக்குக் கொடுக்கிற பணம் சம்பளத்தில் பெரும் பங்கை விழுங்கிவிடும். படத்தில் இவை ஒரு வசனத்தோடு கடந்து போய்விடும்.

நிஜத்தில் அந்த அம்மாக்கள் கிறிஸ்துமஸை எப்படிச் சமாளித்தார்கள் என்பதில் படத்தைவிட நல்ல கதைகள் இருக்கின்றன. 'லேஅவே' என்று ஒரு வழக்கம், 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் பரவியது. பொம்மையைக் கடையிலேயே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டுவார்கள். முழுதும் கட்டி முடித்தபின்தான் பொருள் கைக்கு வரும். வட்டிக் கடனில் விழாமல் இருக்க ஒரு வழி. டிசம்பர் நடுவில் இன்னும் நாற்பது டாலர் பாக்கி இருக்கும், சம்பளம் வர இன்னும் பத்து நாள் இருக்கும். 2011 டிசம்பரில், கேமார்ட் கடைகளுக்கு முன்பின் தெரியாத மனிதர்கள் வந்து, யாரோ ஒருவருடைய பாக்கியைக் கட்டிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனார்கள். மிச்சிகனில் தொடங்கி ஊர் ஊராகப் பரவியது. பொம்மை போய்விடுமோ என்று பயந்து கடைக்கு வந்த அம்மா, கவுன்ட்டரில் "உங்கள் கணக்கு முடிந்துவிட்டது" என்று கேட்டு நின்றிருப்பாள். இதை ஒரு திரைக்கதையாக எழுதிக் கொடுத்தால் நம்பும்படி இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

படங்களில் பொம்மை திரட்டும் விழா ஒன்று அடிக்கடி வருமே, அதற்கும் நிஜத்தில் வேர் உண்டு. 1947இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பெண் துணிப் பொம்மை செய்து, இதை ஏழைக் குழந்தை யாருக்காவது கொடு என்று கணவரிடம் சொன்னார். கடற்படைக் காலாட்படை ரிசர்வ் அதிகாரியான பில் ஹென்ட்ரிக்ஸ் தேடிப் பார்த்தார். அப்படிக் கொடுக்க ஓர் அமைப்பே இல்லை. "அப்படியானால் நீயே தொடங்கு" என்றார் மனைவி. அந்த வருடம் 5,000 பொம்மைகள் சேர்ந்தன. 'டாய்ஸ் ஃபார் டாட்ஸ்' என்ற பெயரில் அது இன்றைக்கும் நடக்கிறது.

ஓர் ஆண் வந்தால்தான் அவள் வாழ்க்கை சரியாகும் என்று சொல்கிற படத்தை எப்படி ரசிக்கிறீர்கள்?

இந்தக் கேள்வியைக் கோபமாகக் கேட்டவர்களும் உண்டு. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. வேலையை விட்டுவிட்டு அவனோடு அந்தச் சின்ன ஊரிலேயே தங்கிவிடு என்று அவளிடம் சொல்லும் படங்கள் இருக்கின்றன. அவை எனக்கும் பிடிக்காது. அவள் அப்படி ஒரு வாழ்க்கையைக் கட்டியெழுப்ப என்ன பாடுபட்டாள் என்று முதல் பாதியில் காட்டிவிட்டு, இரண்டாம் பாதியில் அதைத் தூக்கிப் போடச் சொல்வது அநியாயம்.

ஆனால் நல்ல படங்களில் வேறொன்று நடக்கிறது. அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸுக்குக் கணப்படுப்பின் மேல் ஆளுக்கு ஒரு பெரிய காலுறை தொங்கவிடுவார்கள். இரவில் கிறிஸ்துமஸ் தாத்தா வந்து அதில் சின்னச் சின்னப் பரிசுகளைப் போட்டுவிட்டுப் போவார் என்பது பிள்ளைகளின் நம்பிக்கை. தாத்தா யார் என்று நமக்குத் தெரியும். பிள்ளை தூங்கியபின் அம்மா எழுந்து நிரப்புகிறாள். அவளுடைய காலுறையை யார் நிரப்புவது? இன்னொரு பெரியவர் இல்லாத வீட்டில் அது காலியாகத்தான் தொங்கும். சில அம்மாக்கள் பிள்ளைக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று தானே ஒரு ஆரஞ்சும் சாக்லேட்டும் வாங்கித் தன் காலுறையில் போட்டுக்கொண்டு, காலையில் ஆச்சரியப்படுகிற மாதிரி நடிப்பார்கள்.

இந்தப் படங்களின் மையம் எனக்கு அந்தக் காலுறைதான். அவளைக் காப்பாற்ற அவன் வருவதில்லை, அவள் ஏற்கெனவே எல்லாவற்றையும் காப்பாற்றி வைத்திருக்கிறாள். அவள் செய்கிற வேலையை ஒருவர் பார்க்கிறார். பார்த்துவிட்டு, நீ உட்கார், நான் செய்கிறேன் என்கிறார். பல படங்களில் முத்தத்தைவிட ஹாட் சாக்லேட் கோப்பையை அவள் கையில் கொடுக்கும் காட்சி என்னை அசைப்பது அதனால்தான்.

ஒருமுறை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அப்பா போனபின் எங்களைத் தனியாக வளர்த்தவர் அவர். ஆங்கிலம் அதிகம் புரியாது. பாதிப் படம் வரை பேசாமல் இருந்தார். அந்தக் கோப்பைக் காட்சி வந்ததும், "பாவம்டி, இவளுக்குச் சூடா ஒரு டம்ளர் காபி போட்டுக் குடுக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்" என்றார். அன்றைக்கு எழுந்து போய்க் காபி போட்டது நான். அத்தனை வருடத்தில் எத்தனை முறை அப்படிப் போட்டுக் கொடுத்தேன் என்று அடுப்படியில் நின்று யோசித்தேன்.

குழந்தையோடு சேர்ந்து பார்க்கலாமா?

தாராளமாக. ஹால்மார்க் படங்களில் பெரும்பாலானவை எல்லா வயதினருக்குமான தரச்சான்று பெற்றவை. ஒரே எச்சரிக்கை: கிறிஸ்துமஸ் தாத்தா உண்டா இல்லையா என்ற பேச்சு சில படங்களில் வரும். அதோடு, சமீபத்தில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த குழந்தை என்றால், நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள். கடிதம் எழுதும் காட்சி ஒன்று நிச்சயம் இருக்கும்.

எல்லா வகைக் குடும்பங்களும் இதில் வருகின்றனவா?

நெடுங்காலம் வரவில்லை. வெள்ளைக்காரக் கதாபாத்திரங்களே முன்னால் நின்றார்கள், மற்றவர்கள் தோழியாகவோ மேலதிகாரியாகவோ வந்து போனார்கள். 2019 டிசம்பரில் இரண்டு மணப்பெண்கள் முத்தமிடும் விளம்பரத்தை ஹால்மார்க் நீக்கியது. கடும் எதிர்ப்பு வந்ததும், தவறு என்று சொல்லி முடிவை மாற்றிக்கொண்டது. அதன்பின் கறுப்பின நாயகிகள், ஆசிய வம்சாவளிக் குடும்பங்கள், ஒருபாலினத் தம்பதிகள் கதைகளுக்குள் அதிகமாக வரத் தொடங்கினார்கள். 2022இல் ஓர் ஆண் இணையின் காதலையே மையமாக வைத்து ஒரு கிறிஸ்துமஸ் படம் வந்தது. இரண்டு வேலை பார்த்துக்கொண்டு வாடகை வீட்டில் இருக்கும் அம்மா மட்டும் இன்னும் சரியாக வந்து சேரவில்லை. அவளுக்காகக் காத்திருக்கிறேன்.

புதிதாகப் பார்ப்பவர் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

லேசாக ஏதாவது வேண்டுமானால், 2015இல் வந்த 'எ கிறிஸ்துமஸ் மெலடி'. மரியா கேரி இயக்கியது, அவரும் நடித்திருக்கிறார். லேசி ஷாபேர்தான் அம்மா. லாஸ் ஏஞ்சலிஸில் கடையை மூடிவிட்டு மகளோடு ஒஹையோவில் உள்ள சொந்த ஊருக்குத் திரும்புகிறாள். இந்தப் படத்தை ஒஹையோவிலேயே, சின்சினாட்டி பக்கத்தில் எடுத்தார்கள். புதுப் பள்ளியில் ஒட்ட முடியாமல் தவிக்கும் மகளின் பகுதி உண்மையாக இருக்கும்.

இன்னும் கற்பனை வேண்டுமென்றால் 2004இல் வந்த 'சிங்கிள் சான்டா சீக்ஸ் மிசஸ் கிளாஸ்'. கிறிஸ்துமஸ் தாத்தாவின் மகனே, மகனைத் தனியாக வளர்க்கும் ஒரு பெண்ணிடம் மனதைக் கொடுக்கிறான். அடுத்த வருடமே அதற்கு இரண்டாம் பாகமும் வந்தது.

என்னைக் கேட்டால் 1949இல் வந்த அந்த 'ஹாலிடே அஃபேர்' படத்தை முதலில் பாருங்கள். கறுப்பு வெள்ளை என்று தள்ளிவிட வேண்டாம். கடைசியில் அந்த ரயில் டிம்மிக்கே கிடைத்துவிடுகிறது, வேலை இழந்த அந்த மனிதன் கையில் இருந்த பணத்தைப் போட்டு வாங்கிக் கொடுத்தது. அவனிடம் இனிக் காசில்லை என்று தெரிந்ததும் டிம்மி என்ன செய்கிறான் என்று பாருங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், நகரத்துக் கூட்டத்தில் தன்னந்தனியாக அந்தப் பெரிய கடைக்குப் போய் முதலாளியையே பார்க்கிறான். இந்த வகைப் படங்களில் அதற்கு இணையான ஒரு குழந்தைக் காட்சியை நான் இன்னும் பார்க்கவில்லை.

அதன்பின் அமால். ஓபரா என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவியபின் பார்க்க நேரம் இருக்கும்.